நனைந்த போனுக்குச் சார்ஜ் போடாதே, தங்கச்சி

தங்கச்சி, போன் தண்ணீரில் விழுந்த உடனேயே செத்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அநேகமான போன்கள் சாவது அதற்குப் பிறகு, நம் கையால். எடுத்து ஒரு துணியில் துடைத்துவிட்டு, "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று பட்டனை அமத்துகிறோமே, அப்போது சாகிறது. ராத்திரி மனசு கேட்காமல் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கிறோமே, அப்போது சாகிறது. ஆகவே நான் சொல்லப்போகிற எல்லாவற்றிலும் முதலாவது இதுதான்: நனைந்த சாமானுக்குள் கரண்ட் போக விடாதே. மற்றதை ஆறுதலாகப் பார்க்கலாம்.

டித்வா புயலுக்குப் பிறகு இதை எழுதியே ஆக வேண்டும் என்று பட்டது. 2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் ஏறிய அந்தப் புயலில் நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள்; உயிர்ச்சேதம் அதிகம் கண்டது மலைநாடு. நம் மாத்தளை மாவட்டத்துக் கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. உயிரும் வீடும் போன இடத்தில் போனைப் பற்றி என்ன பேச்சு என்று நீ கேட்கலாம். ஆனால் அந்த வாரம் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்கவும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கவும், கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைக்கு "உயிரோடு இருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லவும் இருந்தது அந்தச் சின்னச் சாமான்தான். அது நனைந்தால் எப்படிக் காப்பாற்றுவது என்று தெரிந்திருப்பது வீண் அறிவு இல்லை.

மாத்தளை டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், வெள்ளத்தில் நனைந்த போன் ஒன்றைத் திறந்து காட்டினார். திரை நன்றாக இருந்தது. பின்மூடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் சார்ஜர் செருகும் துளைக்குப் பக்கத்தில் பச்சையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. பிரஷ்ஷால் மெல்லத் தட்டியதும் பொருக்கு உதிர்ந்தது. அதோடு சேர்ந்து கீழே இருந்த மெல்லிய செப்புத் தடமும் போய்விட்டது. அந்தப் போனை அரிசிக்குள் வைத்து எடுத்து, காய்ந்துவிட்டது என்று நம்பிச் சார்ஜ் போட்டிருக்கிறார்கள்.

ஏன் அப்படி ஆகிறது? துளிகூடக் கலப்பில்லாத தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் அப்படிப்பட்ட தண்ணீர் நம் வீட்டில் எங்கே இருக்கிறது? கிணற்றுத் தண்ணீரில் உப்பும் தாதும் கரைந்திருக்கும். வெள்ளத் தண்ணீரில் சேறு, தோட்டத்து உரம், கானில் ஓடியது எல்லாம் கலந்திருக்கும். போனுக்குள் செப்புத் தடங்கள் ஒன்றையொன்று முட்டாமல் நெருங்கி ஓடுகின்றன. இரண்டு தடங்களுக்கு நடுவில் இந்தத் தண்ணீர் நின்று, பெட்டரியின் கரண்டும் இருந்தால், ஒரு பக்கத்துச் செம்பு கரைந்து மறுபக்கம் போய்ப் படியும். நாளடைவில் தடம் அறும், அல்லது இரண்டு தடமும் ஒட்டிக்கொள்ளும். கரண்ட் இல்லையென்றால் இதே அரிப்பு மிக மெதுவாகத்தான் நடக்கும். நமக்குக் கிடைக்கிற அவகாசம் அதுதான்.

சரி, போன் வாளித் தண்ணீரிலோ ஓடையிலோ விழுந்துவிட்டது. எடுத்த கையோடு அணைத்துவிடு. யாருக்கும் கோல் எடுத்துப் பார்க்காதே. பழைய பட்டன் போன் என்றால் யோசிக்கவே வேண்டாம், பின்மூடியைக் கழற்றிப் பெட்டரியை வெளியே எடு. நம் தோட்டங்களில் பெரியவர்கள் கையில் இருப்பது அநேகமாக அந்தப் போன்தான். பிழைக்கிற வாய்ப்பும் அதற்குத்தான் கூட. ஸ்மார்ட் போனில் பெட்டரியை வீட்டில் கழற்ற முடியாது. அணைக்கலாம் என்றால் அணை. திரை உறைந்து போய் அணைக்கவும் முடியவில்லை என்றால், காயட்டும் என்று வீட்டில் வைத்துக்கொண்டிராமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டு போ. அங்கே திறந்து பெட்டரியின் இணைப்பைக் கழற்றி விடுவார்கள். ஒரு நாள் பிந்தினால் ஒரு நாள் அரிப்பு.

கவரைக் கழற்று, சிம் தட்டை இழு, மெமரி கார்டை எடு. சார்ஜர் துளை கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டு, தண்ணீர் வடியும். உதறாதே, உதறினால் நனையாத மூலைக்கும் தண்ணீர் போகும். வாயால் ஊதாதே. துளைக்குள் பஞ்சுக் குச்சியோ கடதாசியோ திணிக்காதே, நார் உள்ளேயே தங்கிவிடும். "துளையில் ஈரம் இருக்கிறது" என்று போனே எச்சரிக்கை காட்டினால் அதை நம்பு. குறைந்தது அரை மணித்தியாலம் காற்றில் விட்டு வை. ஈரம் முழுக்கப் போக ஒரு நாள்கூட ஆகலாம்.

இனி அரிசி. இதைச் சொன்னால் வீட்டில் அம்மாவே கோபிப்பார், தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: போனை அரிசி டின்னுக்குள் புதைக்காதே. அரிசி கொஞ்சம் ஈரத்தை இழுக்கும்தான், ஆனால் திறந்த காற்றைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதன் தூசியும் மாவும் துளைக்குள் போய் ஈரத்தோடு சேர்ந்து பசையாகும். ஆப்பிள் கம்பனியே 2024இல் தன் போன்களுக்கு அரிசி வைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு வேறு. அரிசிக்குள் வைத்துவிட்டால் ஏதோ வைத்தியம் செய்துவிட்டோம் என்ற திருப்தி வந்துவிடுகிறது. அந்தத் திருப்தியில் நாட்கள் போகின்றன, உள்ளே பச்சைப் பொருக்கு ஏறுகிறது.

காய வைப்பதற்கு நல்லது ஓடும் காற்று. மேசை மின்விசிறிக்கு முன்னால், நேரே முகத்துக்கு அடிக்காமல் கொஞ்சம் சாய்வாக, துளைகள் எல்லாம் திறந்தபடி வை. நம் ஊரில் நவம்பர், டிசம்பர் மாதத்தில் இதுவும் லேசாக நடக்காது. சலவைத் துணியே நாட்கணக்கில் காயாத பருவம் அது. அப்போது மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வை. புதுச் சப்பாத்துப் பெட்டியிலும், மருந்துப் போத்தலிலும், புதுப் பையிலும் வருமே, "சாப்பிடாதே" என்று எழுதிய சின்னப் பைகள், அவைதான். வருகிறபோதெல்லாம் எறியாமல் ஒரு போத்தலில் போட்டு இறுக்கி மூடி வை. பிள்ளைகள் கைக்கு எட்டாமல். ஒன்றிரண்டு போதாது, கைநிறைய வேண்டும். இரண்டு மூன்று நாளாவது பொறு.

அடுப்புக்கு மேலே தூக்கி வைக்கிற பழக்கம் நம் லயங்களில் உண்டு. மிளகாயும் கருவாடும் காய்வதற்கு அந்த இடம் சரி, போனுக்குச் சரியில்லை. சூடு பெட்டரிக்கு ஆகாது, திரையின் பசையை இளக்கிவிடும், விறகுப் புகை உள்ளே படியும். தலைமுடி காய வைக்கும் மெஷின் தண்ணீரை வெளியே எடுக்காது, இன்னும் உள்ளே தள்ளும். நடு வெயிலும் வேண்டாம். பிரிட்ஜ் பக்கமே கொண்டு போகாதே, வெளியே எடுத்ததும் உள்ளே வியர்த்துப் புது ஈரம் வரும்.

சேற்றில் கிடந்த சாமான் என்றால் கதை வேறு. பலர் தயங்குகிற இடம் இது: சேற்றை அப்படியே காய விடக் கூடாது, முதலில் கழுவ வேண்டும். ஏற்கெனவே நனைந்து போனதை மறுபடியும் நனைப்பதா என்று கை கூசும். ஆனால் தண்ணீர் ஆவியாகிப் போகும். அதில் இருந்த உப்பும் மண்ணும் போகாது, அங்கேயே உட்கார்ந்து, அடுத்த ஈரக் காற்றில் மறுபடி வேலையைத் தொடங்கும். பெட்டரியை முழுக்கக் கழற்ற முடிகிற சாமான்களை, அதாவது பட்டன் போன், டீவி ரிமோட், கல்குலேட்டர், சின்ன ரேடியோ, இவற்றை நீயே கழுவலாம். பெட்டரி உள்ளே இருக்கிற எதையும் கழுவாதே.

கழுவுகிற தண்ணீரும் முக்கியம். தம்புள்ளை, கலேவெல, நாவுல பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிவு விடும். அதே படிவு சர்க்யூட் போர்டிலும் விடும். மோட்டார் பெட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் கராஜிலும் பெட்டரிக் கடையிலும் கிடைக்கும். "டிஸ்டில்ட் வோட்டர்" என்று தெளிவாகக் கேட்டு வாங்கு. அங்கேயே அசிட்டும் விற்பார்கள், போத்தல் மாறிவிடக் கூடாது. முதலில் சாதாரண நல்ல தண்ணீரில் சேற்றைப் போக்கி, கடைசி அலசலை இந்தத் தண்ணீரில் செய். பழைய மெல்லிய பல் துலக்கும் பிரஷ் போதும், அமத்தித் தேய்க்காதே.

அதற்குப் பிறகு ஐசோபுரொப்பைல் அல்கஹோல். எலக்ட்ரோனிக் பாகங்கள் விற்கிற கடையில் கேள், 99 வீதம் என்று போட்டிருப்பது நல்லது. இது தண்ணீரோடு கலந்து அதையும் இழுத்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகும், படிவு எதுவும் விடாது. பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் இதுவும் ஒன்று என்று நினைக்காதே. அதில் ஆமணக்கெண்ணெய் முதலியவை சேர்ப்பார்கள், காய்ந்த பிறகு பிசுக்கு நிற்கும். கைக்குப் பூசுகிற சானிட்டைசர் வேண்டவே வேண்டாம். அல்கஹோல் பெட்ரோல் போலப் பற்றக்கூடியது. அடுப்பு எரிகிற காம்பராவில் போத்தலைத் திறக்காதே, சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தால் அதை முதலில் அணை, ஜன்னலைத் திறந்து வை. திரையில் ஊற்றாதே, போர்டுக்கு மட்டும்.

பிளேன்டீயோ பால் தேத்தண்ணியோ லெப்டொப்பில் கொட்டினாலும் இதே கணக்குத்தான். சீனி காய்ந்தால் பசையாகி விசைகளைப் பிடித்துக்கொள்ளும். வயரைப் பிளக் பொயின்டிலிருந்து இழு, அணை, விசைப்பலகை நிலத்தைப் பார்க்கும்படி கூரை மாதிரிக் கவிழ்த்து வை. மற்றதைக் கடைக்காரர் பார்க்கட்டும்.

"என் போன் வோட்டர் புரூப்" என்று சொல்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும் என்று அர்த்தம். ஐபி68 அதைவிட ஆழம், எவ்வளவு என்று அந்தந்தக் கம்பனி சொல்லும். இந்தச் சோதனை நடப்பது அசையாத நல்ல தண்ணீரில், புத்தம் புதுப் போனில். பாய்ந்து வரும் சேற்றுத் தண்ணீர் அந்தக் கணக்கில் இல்லை. ஒரு தடவை கீழே விழுந்திருந்தாலோ, திரை மாற்றியிருந்தாலோ, ஓரத்துப் பசை பழைய மாதிரி மூடாது. பல போன்களில் சிம் தட்டுத் துளைக்குள் ஒரு சின்ன வெள்ளை ஒட்டு இருக்கும், தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும். டோர்ச் அடித்துப் பார், தெரியும். அது சிவந்திருந்தால் வாரண்டி பெரும்பாலும் கிடைக்காது. கடையில் "நனையவே இல்லை" என்று சொல்வதும் உனக்குத்தான் நட்டம். என்ன தண்ணீர், எவ்வளவு நேரம், பிறகு சார்ஜ் போட்டாயா, மூன்றையும் உள்ளபடி சொல்லு. ரிப்பேர்காரருக்கு அது பாதி வேலை.

கடையில் நீ கேட்க வேண்டியதும் உண்டு. திறந்து பெட்டரியைக் கழற்றித்தானே கழுவுவீர்கள்? கழுவுவதற்கு அல்ட்ராசோனிக் மெஷின் இருக்கிறதா? சரிவராவிட்டாலும் படங்களையும் நம்பர்களையும் எடுத்துத் தர முடியுமா? எவ்வளவு ஆகும்? விலையை முதலில் பேசு. போனின் பெறுமதியில் பாதிக்கு மேல் கேட்டால், படங்களை மட்டும் மீட்டுக்கொண்டு விட்டுவிடுவதுதான் என் யோசனை. ஒரு தடவை நனைந்து பிழைத்த போன் கொஞ்ச நாள் ஓடிவிட்டுத் திடீரென்று நிற்பதும் உண்டு. ஆகவே உயிர் வந்த அன்றைக்கே உள்ளே இருக்கிறதை வேறு இடத்துக்கு மாற்று. சிம்மும் மெமரி கார்டும் தண்ணீருக்கு அவ்வளவு பயப்படாது. நன்றாக அலசித் துடைத்துக் காய வைத்து வேறு போனில் போட்டால் அநேகமாக வேலை செய்யும். போன் செத்தால் எல்லாமே செத்தது என்று எறிந்துவிடாதே, கார்டை எடுத்துவிட்டு எறி.

இனி நான் கண்டிப்பாகப் பேச வேண்டிய சாமான்கள். வீட்டில் சீனி வருத்தக்காரர் இருந்தால் சீனி பார்க்கும் மெஷின் இருக்கும், பிரஷர் பார்க்கும் மெஷின் இருக்கும். நனைந்த பிறகு இவை காய்ந்து, லைட் எரிந்து, இலக்கமும் காட்டும். அந்த இலக்கத்தை நம்பாதே. சீனி பார்க்கும் பட்டிகளின் டப்பாவுக்குள் ஈரம் போயிருந்தால் முழு டப்பாவையும் எறி, ஒன்றைக்கூட மிச்சம் பிடிக்காதே; ஈரம் பட்ட பட்டி கூட்டியோ குறைத்தோ காட்டும், அதைப் பார்த்து இன்சுலின் ஏற்றினால் உயிருக்கு ஆபத்து. வெள்ளத்தில் மூழ்கிய சீனி மெஷினையும் மாற்றிவிடு. பிரஷர் மெஷின் சும்மா ஈரம் பட்டதுதான் என்றால், கிளினிக்குக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய் அங்கே பார்க்கிற அளவோடு ஒத்துப் பார். ஒத்து வரவில்லை என்றால் அதோடு மினக்கெடாதே. போன் ரிப்பேரில் பிழை விட்டால் போன் போகும். இதில் பிழை விட்டால் அப்பா போவார்.

தாத்தாவின் காது மெஷின் நனைந்தால் பெட்டரிக் கதவைத் திறந்து, பெட்டரியை எடுத்து எறிந்துவிட்டு, மெஷினை மட்டும் சிலிக்கா ஜெல் டப்பாவில் ஒரு இரவு வை. புதுப் பெட்டரி போட்டும் சத்தம் வரவில்லை என்றால் வாங்கிய இடத்துக்கே கொண்டு போ, வீட்டில் கிண்டாதே.

பெட்டரி விசயத்தில் சிக்கனம் பார்க்காதே, தங்கச்சி. போன், பவர் பேங்க், சார்ஜ் லைட் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் பெட்டரி. உள்ளே தண்ணீர் போன லித்தியம் பெட்டரி அன்றைக்கு ஒன்றும் செய்யாமல், பிறகு சார்ஜ் ஏறும்போது சூடாகித் தீப்பிடிக்கலாம். வீங்கினாலோ, இனிப்பான ஒரு மருந்து வாடை வந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, வீட்டுக்கு வெளியே மழை படாத சீமெந்துத் தரையில், விறகும் துணியும் கிட்ட இல்லாமல் வை. குத்தாதே, அமத்தித் தட்டையாக்கப் பார்க்காதே, குப்பையோடு சேர்த்து எரிக்காதே, ஆற்றில் வீசாதே. ரிப்பேர் கடையில் கொடுத்துவிடு. மூழ்கின பவர் பேங்க்கைக் காய வைத்துப் பாவிப்பது எனக்குச் சம்மதமே இல்லை. மூழ்கின சார்ஜரும் அப்படித்தான். அதன் ஒரு பக்கம் 230 வோல்ட். புதுச் சார்ஜர் வாங்க முடியாத வீடு என்றால் பக்கத்து வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள், அதில் வெட்கம் இல்லை.

வெள்ளம் வடிந்து வீட்டுக்குள் போகும்போது, போனையும் ரேடியோவையும் தேடுவதற்கு முன் மெயின் ஸ்விட்சைப் பார். அதை அணைக்க ஈரத்தில் நிற்க வேண்டியிருந்தால் தொடாதே, மின்சாரப் பழுதுக்குரிய 1987 என்ற நம்பருக்கு அழைத்துச் சொல்லு. பிளக் பொயின்ட் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால், வயரிங் தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை ஒன்றையும் போடாதே. ட்ரிப் ஸ்விட்ச் விழுந்து விழுந்து போனால், அது பழுதென்று கட்டி நிறுத்துகிறார்களே, அதைவிடக் கொடுமை இல்லை. எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று அது சொல்கிறது.

ரத்தொட்டை, உக்குவளை, எல்கடுவ, லக்கல பக்கத்தில் இருப்பவர்களுக்கு அடுத்த மழைக்கும் இது தேவைப்படும். வீட்டைவிட்டு உடனே வெளியேற வேண்டிய நிலை வந்தால் சாமான் ஒதுக்க நேரம் கிடைக்காது. ஆகவே வாய் இறுக்கி மூடுகிற பொலித்தீன் பைகள் கொஞ்சம் வாங்கி, அடையாள அட்டையோடும் மருந்தோடும் சேர்த்துக் கதவுக்குப் பக்கத்தில் தொங்க விடு. போனுக்கு ஒரு பை, அதற்கு மேல் இன்னொரு பை. பட்டன் போன் பழசாகிவிட்டது என்று விற்காதே. சார்ஜ் ஏற்றி, அணைத்து, அந்தப் பைக்குள்ளேயே வை, மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார். சாதாரண பெட்டரியில் ஓடும் ஒரு ரேடியோவும் இருக்கட்டும், பெட்டரிகளைத் தனியாகச் சுற்றி வை.

நம்பர் எல்லாம் போனுக்குள் இருக்கிறது என்று இருந்துவிடாதே. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்பியூலன்ஸ் 1990, மின்சாரப் பழுது 1987. இந்த மூன்றையும், பிள்ளைகளின் நம்பரையும், இன்றைக்கே கறுப்பு மார்க்கரால் அலுமாரிக் கதவின் உள்பக்கம் உயரத்தில் எழுதி வை.